வழியில நிக்காதே... மேல விழாதே!

சனிக்கிழமை சாயந்திரம் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் ஒரு பத்து நிமிஷம் நின்று பார்த்தால் போதும். மோதல் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள பௌதிகப் புத்தகமே வேண்டாம்.

சென்னை பஸ் உள்ளே நுழைகிறது. இன்னும் நிற்கவில்லை. படியில் நாலு பேர் இறங்கத் தயார். கீழே நாற்பது பேர் ஏறத் தயார். ஜன்னல் வழியாகத் துண்டு, மஞ்சள் பை, ஹெல்மெட் எல்லாம் பறந்து போய் சீட்டில் உட்கார்ந்துகொள்கின்றன. இறங்குகிறவர் தோளை முன்னால் விட்டுக் குதிக்கிறார். ஏறுகிறவர் படியை அடைத்துக்கொண்டு நந்தி மாதிரி நிற்கிறார். டமால்!

கண்டக்டர் விசிலைத் துப்பிவிட்டுக் கத்துகிறார்: "எறங்கறவங்களுக்கு வழி விடுங்கய்யா! குறுக்க நிக்காதீங்க!" அடுத்த மூச்சில் இறங்குகிறவரைப் பார்த்து, "யோவ், நேராப் பாத்து எறங்கு! ஆளு மேல ஏன் வந்து விழற?"

பாவம், அவருக்குத் தெரியாது. அவர் கத்தின அந்த ரெண்டு வாக்கியத்தை எழுதி முடிக்க அமெரிக்கப் பேஸ்பால் பெரியவர்களுக்கு 2014 வரைக்கும் ஆயிற்று. அதைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன். அதற்கு முன்னால் ஒரு குற்ற ஒப்புதல்.

*

1994, மே மாசம். ஏரி காய்ந்து கிடந்தது. ஏரி காய்ந்தால் ஊருக்குத் தண்ணீர்க் கஷ்டம், எங்களுக்கு கிரவுண்டு. எங்கள் தெருவுக்கும் பக்கத்துத் தெருவுக்கும் பெட் மேட்ச். ஆளுக்கு அஞ்சு ரூபாய், டீமுக்கு ஐம்பத்தஞ்சு. ஸ்டம்ப்புக்கு பதில் செங்கல் அடுக்கு. கிரீஸ், செருப்பால் கிழித்த கோடு. புளியமர நிழல்தான் பெவிலியன். (புளியங்காடாக இருந்ததால்தான் ஊருக்கே இந்தப் பெயர் என்பார்கள். ஆகவே நிழலுக்குப் பஞ்சமில்லை.)

கடைசிப் பந்து. ரெண்டு ரன் வேண்டும். அடித்தேன், ஓடினேன். ஒன்று ஆயிற்று. திரும்பினேன். அந்தப் பக்கம் கீப்பர். கூடப் படிக்கிறவன், ஒரே பெஞ்ச், ஒரே டிபன் பாக்ஸ். பெட் மேட்ச் அன்று மட்டும் பக்கத்துத் தெருக்காரன். பந்து இன்னும் அவன் கைக்கு வரவில்லை. ஆனால் கோட்டின் மேல், எனக்கு நேர் குறுக்கே, காலை அகட்டி நின்றுகொண்டிருந்தான்.

எனக்கு வலது பக்கம் நாலடி வழி இருந்தது. சத்தியமாக இருந்தது. இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்த நாலடி தெரிகிறது.

நான் விலகவில்லை. தோளைத் தாழ்த்திக்கொண்டு போய் இடித்தேன். அவன் ஒரு பக்கம், செங்கல் ஒரு பக்கம், பந்து ஏரிக்கரைப் பக்கம். ரன் வந்துவிட்டது. ஜெயித்துவிட்டோம். கத்தினோம். அவன் எழுந்திருக்கவில்லை என்பதை எல்லோரும் கத்தி முடித்த பிறகுதான் பார்த்தோம்.

இடது முழங்கை. மூங்கில் பத்தை வைத்து, முட்டை வெள்ளை தடவி, நாட்டு வைத்தியர் கட்டுப் போட்டார். நாற்பத்தஞ்சு நாள் கழித்துப் பிரித்தபோது கை கூடியிருந்தது; ஆனால் முழுசாக நீளவில்லை. கொஞ்சம் மடங்கியே நின்றுவிட்டது. எழுத, சாப்பிட, சைக்கிள் ஓட்ட எல்லாவற்றுக்கும் போதும். ஒன்றே ஒன்றுக்குப் போதவில்லை. ரெண்டு வருஷம் கழித்து போலீஸ் செலக்‌ஷனுக்குப் போனான். ஓட்டம் பாஸ். தாண்டுதல் பாஸ். கயிறு ஏறுவதில் பாதியில் கை விட்டுவிட்டது.

சேதி கேட்டு வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா திட்டவில்லை. காப்பி கொடுத்தார். டம்ளரை வாங்கும்போது, "அந்த அம்பத்தஞ்சு ரூபாய்க்கு என்னப்பா வாங்கினீங்க?" என்று மட்டும் கேட்டார்.

புரோட்டா சாப்பிட்டோம் என்று சொல்ல வாய் வரவில்லை.

*

பேஸ்பால் தெரியாதவர்களுக்கு ஒரு பாரா. (தெரிந்தவர்கள் ஒரு டீ அடித்துவிட்டு வரலாம்.)

சதுரத்தை முனையில் நிறுத்தின மாதிரி நாலு மூலை. அடிக்கிறவன் ஒரு மூலையிலிருந்து கிளம்பி மற்ற மூன்றையும் தொட்டு, கிளம்பின இடத்துக்கே திரும்பி வந்தால் ஒரு ரன். கிளம்பின இடத்தில் ஐந்து முனை வெள்ளை ரப்பர் பலகை ஒன்று தரையோடு தரையாகக் கிடக்கும். 17 அங்குல அகலம். அதன் பெயர் ஹோம் பிளேட். அங்கே முகமூடி, மார்க்கவசம் சகிதம் குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருப்பவன் கேட்ச்சர். நம் பாஷையில் விக்கெட் கீப்பர். எறிந்த பந்தைப் பிடித்து, ஓடி வருகிறவன் பலகையைத் தொடுவதற்குள் அவன் மேல் பந்தால் தொட்டுவிட்டால் அவுட்.

தகராறு இங்கேதான். கேட்ச்சர் பலகையை மறைத்துக்கொண்டு நிற்பான். ஓடி வருகிறவன் முழு வேகத்தில் அவன் மேல் விழுவான். இடித்த இடியில் பந்து கையிலிருந்து நழுவினால் ரன். ரொம்ப காலம் இதற்குப் பெயர் வீரம்!

1970 ஜூலை 14, சின்சினாட்டி. ஆல் ஸ்டார் மேட்ச். லீக் கணக்கில் சேராத காட்சிப் போட்டி. பன்னிரண்டாவது இன்னிங்ஸில் பீட் ரோஸ் ஓடி வந்தார். குறுக்கே ரே ஃபாசி என்கிற 23 வயசு கேட்ச்சர். ரோஸ் இடித்துத் தள்ளிவிட்டு ஜெயிக்கிற ரன்னை எடுத்தார். ஃபாசியின் தோளில் எலும்பு முறிந்திருந்தது முதல் எக்ஸ்ரேயில் தெரியவில்லை. அதோடேயே அந்த சீசனை ஆடினார். முறிவு என்று தெரிந்ததே அடுத்த வருஷம்தான். அதற்கப்புறமும் பல வருஷம் ஆடினார். அந்த வருஷத்து முதல் பாதியில் அடித்த அடி மட்டும் திரும்பி வரவே இல்லை. ஃபாசி 2021-ல் காலமானார். அதுவரைக்கும் அவரை யார் பார்த்தாலும் அந்த ஒரு இடியைப் பற்றித்தான் கேட்டார்கள்.

அப்போது விதி மாறவில்லை. 'ஆட்டம்னா அப்படித்தான்' என்று விட்டுவிட்டார்கள்.

2011 மே 25, சான் ஃபிரான்சிஸ்கோ. அதே பன்னிரண்டாவது இன்னிங்ஸ். ஸ்காட் கசின்ஸ் என்பவர் ஓடி வந்து இடித்ததில் பஸ்டர் போஸி என்கிற இளம் நட்சத்திரத்துக்குக் கால் எலும்பு முறிந்து, கணுக்கால் தசைநாரும் கிழிந்தது. சீசன் அதோடு சரி. கசின்ஸ் அன்றைய விதிப்படி ஒரு தப்பும் செய்யவில்லை. ஆனாலும் அவருக்குக் கொலை மிரட்டல் வந்தது! போஸி 2012-ல் திரும்பி வந்து லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் பட்டம் வாங்கினார். இருந்தாலும் எல்லோருக்கும் கொஞ்சம் உறைத்துவிட்டது.

2014 பிப்ரவரியில் புது விதி. சாரம் இரண்டே வாக்கியம். ஒன்று: ஓடி வருகிறவன் நேர் வழியை விட்டு விலகி, கேட்ச்சரை இடிக்கவென்று போகக்கூடாது, போனால் பந்து நழுவினாலும் அவுட். இரண்டு: கையில் பந்து இல்லாத கேட்ச்சர் ஓடி வருகிறவன் வழியை அடைக்கக்கூடாது, அடைத்தால் வந்தவனுக்கு ரன்.

நம் கண்டக்டர் சொன்னது. அதேதான்!

*

"அமெரிக்காக்காரன் எங்கயோ இடிச்சுக்கட்டும் சார், நமக்கென்ன?" என்று கேட்பீர்கள். நமக்கும் ஒரு இடி உண்டு. ஒரு லட்சம் பேர் பார்த்த இடி.

1999 ஜனவரி 31, சேப்பாக்கம். பாகிஸ்தானோடு டெஸ்ட். 271 எடுத்தால் ஜெயம். முதுகு வலியோடு சச்சின் 136. இன்னும் 17 ரன் இருக்கும்போது அவுட். மீதி விக்கெட் எல்லாம் நாலு ரன்னில் சரிய, 12 ரன்னில் தோற்றோம். சென்னை ஜனங்கள் என்ன செய்தார்கள்? எழுந்து நின்று பாகிஸ்தான் டீமுக்குக் கை தட்டினார்கள். அவர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடி அந்தக் கைதட்டலை வாங்கிக்கொண்டார்கள்.

மூன்று வாரம்கூட ஆகவில்லை. பிப்ரவரி 19, கல்கத்தா ஈடன் கார்டன். அதே ரெண்டு டீம். இலக்கு 279. சச்சின் 9 ரன்னில் இருக்கும்போது ஒரு அடி அடித்துவிட்டு மூன்றாவது ரன்னுக்கு ஓடி வருகிறார். கண் பந்தின் மேல். ஸ்டம்ப் பக்கத்தில், எறிகிற பந்துக்காகக் காத்திருந்த ஷோயப் அக்தர் மேல் மோதுகிறார். பேட்டைத் தரையில் வைக்க முடியவில்லை. எல்லைக்கோட்டுப் பக்கத்திலிருந்து சப்ஸ்டிட்யூட் நதீம் கான் எறிந்த பந்து நேராக ஸ்டம்ப்பில். மூன்றாவது அம்பயர்: அவுட்.

விதிப்படி சரி. ஃபீல்டர் வேண்டுமென்றே மறித்தால்தான் தப்பு. தற்செயலாக மோதிக்கொண்டால் அது பேட்ஸ்மேன் தலையெழுத்து. ஷோயப் வேண்டுமென்றே நின்றாரா? அவர் மனசுக்குள் நுழைந்து பார்க்க எந்தக் கேமராவுக்கும் முடியாதே! பாட்டில்கள் பறந்தன. ஆட்டம் நின்றது. சச்சினும் டால்மியாவும் மைதானத்தைச் சுற்றி வந்து ஜனங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார்கள். மறுநாள் ஒன்பது விக்கெட் போனதும் மறுபடியும் ரகளை. போலீஸ் ஸ்டாண்டுகளையே காலி பண்ணிவிட்டது. காலி நாற்காலிகளுக்கு நடுவே பத்துப் பந்தில் கடைசி விக்கெட் விழுந்தது. 46 ரன்னில் தோல்வி. அந்த டெஸ்டில் ஸ்ரீநாத் 13 விக்கெட் எடுத்தார். எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது?

கல்கத்தாக்காரர்கள் கெட்டவர்கள், நாம் நல்லவர்கள் என்று காலரைத் தூக்கிக்கொள்ள இதைச் சொல்லவில்லை. சேப்பாக்கத்தில் தோற்றது எப்படி என்று நமக்குப் புரிந்தது. நன்றாக ஆடினான், ஜெயித்தான். கல்கத்தாவில் தோற்றது எப்படி என்று அவர்களுக்குப் புரியவில்லை. மோதலுக்கு யார் பொறுப்பு என்று விதி சொல்லவில்லை. விதி வாயை மூடிக்கொண்டால் பாட்டில் பேசுகிறது. கல் எறிந்ததை நியாயப்படுத்தவில்லை, காரணம் சொல்கிறேன்.

'வாசிம் அக்ரம் கேப்டன்தானே, சச்சினைத் திரும்பக் கூப்பிட்டிருக்கலாமே' என்று ஒரு கட்சி. 'விதிப்படி அவுட், எதற்குக் கூப்பிட வேண்டும்' என்று ஒரு கட்சி. டீக்கடை பெஞ்சுகளில் பல மாசம் ஓடிய பட்டிமன்றம் அது.

*

2008 ஜூன், லண்டன் ஓவல். இங்கிலாந்து பௌலர் சைட்பாட்டம், நியூசிலாந்தின் கிராண்ட் எலியட். ரன் ஓடும் வழியில் ரெண்டு பேரும் மோதி விழுந்தார்கள். எலியட் தரையில் கிடக்கும்போதே ரன் அவுட். அம்பயர், கேப்டன் காலிங்வுட்டைக் கேட்டார்: "அப்பீலை வைத்துக்கொள்கிறாயா?" வைத்துக்கொண்டார். கடைசிப் பந்தில் ஒரே விக்கெட் வித்தியாசத்தில் நியூசிலாந்தே ஜெயித்தது. அப்புறம் காலிங்வுட் மன்னிப்புக் கேட்டார்.

2022 பிப்ரவரி, ஓமான். நேபாளம் - அயர்லாந்து டி20. இதிலும் பௌலர் மோதி அயர்லாந்தின் மெக்பிரைன் விழுந்துவிட்டார். பந்து நேபாள விக்கெட் கீப்பர் ஆசிஃப் ஷேக் கைக்கு வந்தது. பேட்ஸ்மேன் பாதி வழியில். பெயிலைத் தட்டினால் அவுட். ஆசிஃப் தட்டவில்லை. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார். நேபாளம் அந்த மேட்ச்சில் தோற்றது. ஆசிஃபுக்கு அந்த வருஷத்து ஐ.சி.சி. 'ஸ்பிரிட் ஆஃப் கிரிக்கெட்' விருது கிடைத்தது.

அருமை. எனக்கும் கண் கலங்கியது. ஆனால் ஒரு விஷயம். ஆசிஃபுக்கு அன்றைக்கு அந்த மனசு வந்தது. காலிங்வுட்டுக்கு அன்றைக்கு வரவில்லை, ராத்திரிதான் வந்தது. மேட்ச் டென்ஷனில், அரை செகண்டில், ஒரு மனுஷனின் நல்ல மனசை நம்பி ஒரு ஆட்டத்தை நடத்தலாமா? நாலடி வழி இருந்தும் விலகாத ஒருவன் சொல்கிறேன்: நம்பக்கூடாது சார்.

எதிர்க்கட்சிக்கும் நியாயம் உண்டு. "மோதினால் அவுட் இல்லைன்னு விதி போட்டா, ரன் அவுட் ஆகப் போறவன் எல்லாம் வேணும்னே போய் மோதுவான்!" வாஸ்தவம். பேஸ்பாலிலேயே முதல் வருஷம் இந்தக் கூத்து நடந்தது. 2014 ஜூலை 31, மயாமி. சின்சினாட்டி அணியின் கோசார்ட் வருவதற்கு ரொம்ப முன்னாலேயே பந்து கேட்ச்சர் கைக்கு வந்துவிட்டது. சந்தேகமில்லாத அவுட். ஆனால் பந்து வருவதற்கு முன் கேட்ச்சர் கால் வழியில் இருந்தது என்று ஆறு நிமிஷம் வீடியோ பார்த்து ரன் கொடுத்துவிட்டார்கள். மயாமி மேனேஜர் சண்டை போட்டு, அவரை வெளியே அனுப்பினார்கள். 'ஆட்டத்தைப் பஞ்சு மிட்டாய் ஆக்கிட்டாங்க' என்று பழைய ஆட்கள் புலம்பினார்கள்.

அதற்காக விதியைக் குப்பையில் போடவில்லை. செப்டம்பரில் ஒரு விளக்கம் கொடுத்தார்கள்: வழியில் நிற்காமல் இருந்திருந்தால் இவன் பலகைக்கு வந்து சேர்ந்திருப்பானா? மாட்டான் என்று தெரிந்தால் அவுட் அவுட்தான். விதியும் நம்மை மாதிரி விழுந்து எழுந்துதான் நடை பழகுகிறது.

இந்தக் கேள்வியை கிரிக்கெட்டும் கேட்கலாம். 'வேணும்னே செஞ்சியா?' என்கிற கேள்விக்கு யாரும் உண்மை சொல்ல முடியாது. பல நேரம் நமக்கே தெரியாது. 'மோதாமல் இருந்தால் சேர்ந்திருப்பானா? விலக வழி இருந்ததா?' இவை ரெண்டுக்கும் கேமரா பதில் சொல்லும். மனசைத் துழாவ வேண்டாம், காலைப் பார்த்தால் போதும்.

*

போன சனிக்கிழமை, பஸ்ஸை விட்டு இறங்கி (தோளில் ஒரு இடியோடு) நேராக அவன் கடைக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜெராக்ஸ் கடை. வலது கையால் பேப்பர் வைப்பான், மடங்கின இடது கையால் மூடியை அமுக்குவான். அந்த வேலைக்கென்றே மடங்கின மாதிரி இருக்கும்.

முப்பது வருஷமாக எங்களுக்குள் ஒரு விசித்திரச் சண்டை. "நான்தான்டா இடிச்சேன்" என்பேன். "போடா, பந்தே வரல, நான்தானே குறுக்க நின்னேன்" என்பான். இரண்டு பேருமே குற்றத்தைத் தனக்கே தனக்கு என்று இழுத்துக்கொள்வோம். அதோடு பேச்சு நின்றுவிடும். அதைத் தாண்டினதில்லை.

அன்றைக்கு ஒரு பேப்பரில் அந்த இரண்டு வாக்கியத்தையும் தமிழில் எழ்தி, கதையைச் சொல்லி, நீட்டினேன். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படித்தான். திரும்பவும் படித்தான்.

"மொத லைன் உனக்கு."

"ஆமா."

"ரெண்டாவது லைன் எனக்கு."

"ஆமாடா."

"அப்போ... ரெண்டு பேரும்தான்."

பதில் சொல்லவில்லை. தொண்டை அடைத்தது. அவன் மிஷின் பக்கம் திரும்பிக்கொண்டான். நீளாத கையால் மூடியை அமுக்கினான். பச்சை வெளிச்சம் ஒருதரம் ஓடி வந்து திரும்பியது. சூடாக ரெண்டு காப்பி வெளியே வந்தது. ஒன்றைத் தன் கல்லாவுக்குள் வைத்துக்கொண்டான். இன்னொன்றை என்னிடம் நீட்டினான்.

"வச்சுக்க. இத முன்னாடியே எவனாவது எழுதியிருந்தா நான் இந்நேரம் ஏட்டு!"

சிரித்தோம். கொஞ்சம் அதிகமாகவே சிரித்தோம். கிளம்பும்போது பின்னாலிருந்து கூப்பிட்டான்.

"டேய்! ரெண்டு காப்பி, நாலு ரூபா. குடுத்துட்டுப் போ. அந்த அம்பத்தஞ்சுல கழிச்சுக்கலாம்னு பாக்காதே!"